சாப்பாட்டுக் கடையில் லண்டன் ப்ளூஸ்

உணவகத்தில் பாண்ட் வாசிக்கிறவனுக்கு முதல் எதிரி பொரித்த கோழி. அது சூடாக மேஜைக்கு வந்துவிட்டால் பாட்டை ஒருவரும் கேட்க மாட்டார்கள். மேடையேறி நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலை கிடைத்தது

கப்பலில் வேலை பார்த்த என் மச்சான் பழைய லண்டன் கிளப்புகளின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுக் காசெட்டுகளைக் கொண்டுவருவான். எங்கள் ஊரின் பபேடான் பேட்டையில் இருந்த வீட்டில் அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் கிட்டார் பழகினேன். டிரம்ஸுக்கு நண்பன் கோ டின், பாடுவதற்கு மா நீலார் என்ற பெண். தொண்ணூறுகளில் தின்கன்ஜூன் பேட்டையில் திறந்த ஓர் உணவகத்தில் மூவரும் வாசித்துக் காட்டினோம். முதலாளி ஊ சேன் கண்ணை மூடிக் கேட்டார். உருகிவிட்டார் என்றே நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. சத்தத்தை மட்டும் குறைங்க. இன்னொரு பீர்னு கேக்கறது சமையல்கட்டுக்குக் கேக்கணும்."

மாலை மரியாதை

பாட்டு பிடித்தால், கடையிலேயே விற்கும் பிளாஸ்டிக் மாலையை வாங்கிப் பாடகி கழுத்தில் போடுவார்கள். பாடகி அழகாக இருந்தால் பாட்டு பிடிக்காவிட்டாலும் போடுவார்கள். ஒரு நாள் நான் தனியாகக் கிட்டார் வாசிக்கையில், மர வியாபாரி ஒருவர் மேடையேறி எனக்கே மாலை போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் என் காதருகே குனிந்தார்.

"இது போதும்ல தம்பி? இனி அந்தப் பொண்ணு பாடட்டும்."

லண்டன்காரர்

இளமையில் லண்டன் கிளப்புகளிலேயே கிடந்ததாகச் சொல்லும் வெள்ளைக்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். புழுக்கமும் வியர்வையும் இல்லாமல் ப்ளூஸ் வராது, எங்கள் வாசிப்பில் உயிரில்லை என்பார். நல்ல கோடையில் ஒரு மாலை மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. என் கிட்டார் ஊமையாகிவிட்டது. கோ டின் டிரம்ஸைக் கையாலேயே தட்டினான். மா நீலார் மைக்கை வைத்துவிட்டு மேஜைகளுக்கு நடுவே இறங்கிப் பாடினாள். நான் கைதட்டித் தாளம் போட்டேன். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காசெட்டில் கேட்ட அதே இசை, எங்கள் ஊரில், எங்கள் கையில். பாட்டு முடிந்ததும் ஓடிப்போய் வெள்ளைக்காரரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருந்தது. ஏர்கண்டிஷன் எப்ப வரும்?"

மெஷின் வந்தது

அடுத்த மழைக்காலத்தில் ஊ சேன் கரோக்கே மெஷின் வாங்கினார். எங்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கோ டின் எழுந்து போய் டிரம்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். மா நீலார் மட்டும், நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டாள்.

"தப்பெல்லாம் இல்லம்மா. தானே பாடினா கஸ்டமர் கூடுதலா ரெண்டு பீர் குடிக்கிறான்."

எங்கள் இசையைக் கேட்கவென்றே ஓர் ஆள் அந்தக் கடைக்கு வந்திருந்தால், நாங்கள் லீவு போட்ட நாளில் வந்து திரும்பியிருக்க வேண்டும்.