பேய் கேட்ட தண்ணீர்

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

என் மாப்பிள்ளை உழவு மெசின் ஓட்டினார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் அவர் கல்முனையில் எங்கள் வீட்டில் இருந்தார். அவரைப் பெற்ற என் மாமி நிந்தவூரில் தனியாக இருந்தா. ஒரு நாள் சாகாமத்தில் உழப் போன இடத்தில் வாய்க்கால் கரையில் மெசின் புரண்டு அவரை அமுக்கிவிட்டது. உச்சி வெயில், பக்கத்தில் ஆட்கள் இல்லை. கண்டு தூக்கும்போது உயிர் போய்விட்டது.

அவர் இருந்த காலத்தில் பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் டிவியில் ஒரு பேய் நாடகம் பார்ப்போம். பார்ப்பது நான், பக்கத்தில் இருந்து பகிடி பண்ணுவது அவர். அந்த நாடகத்தில் ஒரு பெண்ணை மாமியார் அறையில் பூட்டி, தண்ணீர் இல்லாமல் சாகடித்துவிடுவாள். அவள் வெள்ளை உடுப்போடு புருசனின் ஜன்னலடியில் வந்து நின்று தண்ணீர் கேட்பாள். அவன் கொடுப்பான். வாயில் வைக்கும்போது தண்ணீர் மணலாகிவிடும். அதைப் பார்த்து நான் ஒவ்வொரு தடவையும் அழுவேன்.

"பூட்டின அறைக்குள்ள செத்தவளுக்கு லிப்ஸ்டிக் ஆரு கா குடுத்த?" என்பார் அவர்.

"சும்மா இரிங்களன். அவள் பாவம்."

"நான் மௌத்தாப் போனா இப்பிடி அழுவியா?"

"வாயக் கழுவுங்க முதல்ல."

அவருடைய உடலை, மையத்தை, வீட்டில் கொண்டு வந்து வைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. "கல்லு மாதிரி இரிக்காள் பாருங்க" என்று பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. மாமிக்கும் விழுந்திருக்கும்.

இத்தா தொடங்கியது. புருசனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியில் போகாமல் இருக்க வேண்டும். என் உம்மா டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஒரு வெள்ளைச் சீலையால் மூடிவிட்டா. ஆனால் என் ஃபோனை யாரும் மூடவில்லை. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுத் தொழுகை உடுப்பைக் கழற்றாமலே, முக்காட்டுக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு நாடகத்தைப் பார்ப்பேன். வெளியில் இருந்து பார்த்தால் குனிந்து ஓதுகிற மாதிரி இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை நாடகத்தில் அந்தப் பேயை மந்திரவாதி விரட்டினான். அவள் புருசனைப் பார்க்காமலே திரும்பி நடந்தாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். காதில் இயர்போன் இருந்ததால் என் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"போகாதீங்க! ஒருக்கா திரும்பிப் பாருங்க!"

யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். மாமி. நிந்தவூரில் இருந்து பஸ்ஸில் வந்து வாசலில் நின்றிருக்கிறா.

"என்ட மகள், அவனக் கூப்பிடுறியா? நீ அழல்ல எண்டு நானும் மனசுக்குள்ள உன்ன ஏசினன். என்ன மன்னிச்சிரு புள்ள."

ஃபோன் என் மடியில், முக்காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையால் பொத்திக்கொண்டு மாமியின் தோளில் அழுதேன். அப்போதே சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு மாமி ஒவ்வொரு வெள்ளியும் வந்தா. பக்கத்து வீட்டுப் பெண்களிடம், "என்ட மகனுக்கு இப்பிடி ஒரு பொஞ்சாதி" என்று சொல்லிச் சொல்லி அழுதா. வந்ததும் என்னிடம் முதல் கேள்வி ஒன்றுதான்.

"கனவுல வந்தானா?"

முதல் இரண்டு கிழமையும், "இல்லை" என்றேன். மாமியின் முகம் ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கொண்டு போனது. மூன்றாவது கிழமை என் வாய் சொல்லிவிட்டது.

"ஓம் மாமி, வந்தார்."

"என்ன உடுப்போட?"

"வெள்ளை. ஜன்னலடியில நிண்டார்."

"ஏதும் கதைச்சானா?"

எனக்கு நாடகம்தான் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"தண்ணி கேட்டார்."

மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டா. அந்த வெயிலில் அவர் எப்படிக் கிடந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமி அதை ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறா.

"குடுத்தியா மகள்?"

"குடுக்கக்குள்ள முழிச்சிட்டன்."

அடுத்த கிழமை உம்மா சொல்லித்தான் தெரியும். மாமி நிந்தவூரில் தன் வளவு வாசலில் ஒரு பெரிய மண்பானை வைத்திருக்கிறாவாம். முழங்கால் வருத்தத்தோடு காலையும் பின்னேரமும் கிணற்றில் அள்ளி ஊற்றுகிறாவாம். குடிக்கிறவர்களிடம், "என்ட மகன் கேட்டவன், அவனுக்கு துஆச் செய்யுங்க" என்கிறாவாம். உம்மா பெருமையாகத்தான் சொன்னா. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். ஒரு பேய்க்காக ஒரு வயதான மனிசி தண்ணீர் அள்ளுகிறா. இத்தா முடியும் மட்டும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

முடிந்த கையோடு உம்மாவைக் கூட்டிக்கொண்டு நிந்தவூர் பஸ் ஏறினேன். வாசலில் ஓர் ஆட்டோக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அல்லாஹ் அவர்ட கபுறுக் குழியக் குளிர வைக்கட்டும் உம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி எனக்கும் ஒரு கோப்பை அள்ளி நீட்டினா.

நான் வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நாடகம், ஃபோன், வெள்ளை உடுப்பு, ஜன்னல், தண்ணீர். உம்மா என் கையை நுள்ளி நுள்ளிப் பார்த்தா. நான் நிறுத்தவில்லை.

மாமி கோப்பையை நீட்டினபடியே நின்றா.

"அப்ப அவன் உன்னட்ட வரவே இல்லியா?"

"இல்ல மாமி. ஒருக்காவும் இல்ல."

"எனக்கும் வரல்ல" என்றா.

கோப்பைத் தண்ணீரைத் திரும்பப் பானைக்குள் ஊற்றி மூடினா. பிறகு உள்ளே போய்விட்டா. எங்களை உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி மாமி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. இப்போது நான்தான் போகிறேன். போய்ப் பானையைக் கழுவி, கிணற்றில் அள்ளி நிறைக்கிறேன். மாமி என்னோடு கதைப்பதில்லை. ஆனால் போன கிழமை நான் வாளியைத் தேடியபோது, உள்ளே இருந்து கொண்டு வந்து கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனா.

அந்த நாடகத்தை நான் இன்னும் பார்க்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். மந்திரவாதி விரட்டினவள் திரும்பி வந்துவிட்டாள்; அவளுக்கு இன்னும் தண்ணீர் கிடைக்கவில்லை.