கட்டைவிரலில் ஒட்டிய பல் செட்டு

பாலிமர் பாடத்தை நான் வகுப்பறையில் நடத்துவதில்லை, வராந்தாவில் நடத்துகிறேன். பி.யூ. கல்லூரியில் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, பிள்ளைகள் தூங்காமல் கேட்கும் பாடம் அது ஒன்றுதான். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, அவரவர் இரண்டு கைகளையும் தமக்குத் தாமே கோத்துக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வொருவரும் ஒரு சின்ன மூலக்கூறு. தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும்வரை யாருக்கும் யாரோடும் ஒட்டுறவு இல்லை. நான் போய் முதல் பையனின் தோளைத் தட்டுவேன். அவன் கை பிரிந்து பக்கத்திலிருப்பவனைப் பிடிக்கும். அவன் கை பிரிந்து அடுத்தவனைப் பிடிக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேன்டீன் வாசல்வரை ஒரே சங்கிலி. பையன்கள் முடிந்து பெண்கள் தொடங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நெளிவார்கள். கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு சமாளிப்பார்கள்.

இந்தப் பாடத்தை வீட்டில் கேட்டுக் கேட்டு நொந்துபோனவர் என் அப்பா. பிளாஸ்டிக் வாளி, மழைக்கோட்டு, நைலான் கயிறு, எதைத் தொட்டாலும் நான் சங்கிலியை ஆரம்பித்துவிடுவேன். "பாப்பா, வாளி ஒழுகுதா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்பார். எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. இன்னும் பாப்பாதான்.

அம்மா போனபிறகு அல்சூர் வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பா காலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போவார். அங்கே அவருக்குப் பழக்கமானவர் ஒரு ஆன்ட்டி. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், கணவரை இழந்தவர், தொம்மலூரில் தனியாக இருப்பவர். தொம்மலூரில் இருப்பவர் நடப்பதற்காக எதற்குப் பஸ் ஏறி அல்சூருக்கு வர வேண்டும் என்று நான் யோசித்திருக்கலாம். அதற்கெல்லாம் எனக்கு மூளை வேலைசெய்வதில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார்: "பாப்பா, அவங்கள ஒரு வார்த்தை கேக்கலாம்னு இருக்கேன். ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டு, மொறையா. நீ என்ன சொல்ற?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு வரன் பார்த்துப் பார்த்து, நான் வேண்டாமென்று சொல்லிச் சொல்லி, களைத்துப்போன மனிதர் இப்போது தனக்கே பார்த்துக்கொண்டுவிட்டார். அம்மாவின் நினைவு வந்தது. நாளைக்கு இந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்ற பயமும் வந்தது. ஆனால் அவர் ரசத்தைத் தட்டில் ஊற்றுகிறேன் என்று தண்ணீர் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த டம்ளரைப் பார்த்தபிறகு எனக்குக் கோபம் நிலைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை காபிக்கு வரச் சொல்லுங்க. கேளுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா குளியலறைக்குப் போய் வெகுநேரமாகியும் ஆளைக் காணவில்லை. பிறகு கதவு லேசாகத் திறந்து, "பாப்பா, கொஞ்சம் வா" என்று ஒரு குழைந்த குரல் வந்தது. போய்ப் பார்த்தால் மனிதர் பொக்கை வாயோடு நிற்கிறார். வலது கையில் அவருடைய மேல் வரிசைப் பல் செட்டு. கையை உதறுகிறார், பல் செட்டு விழவில்லை. கட்டைவிரல் அதன் அண்ணப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். கழுவும்போது கை தவறி வாஷ்பேசினில் விழுந்து செட்டு இரண்டாகப் பிளந்திருக்கிறது. பல் டாக்டர் க்ளினிக் ஞாயிறன்று பூட்டு. ஆன்ட்டி நாலு மணிக்கு வருகிறார். அப்பா என்னிடம் சொல்லாமல், செருப்பு ஒட்ட வாங்கிவைத்திருந்த அந்த உடனடிப் பசையை எடுத்துத் தடவி, அசையாமலிருக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறார்.

"வாய்க்குள்ள போடற சாமான்ல இதையா தடவுவீங்க?" என்றேன்.

"திட்டறத அப்புறம் திட்டு. மொதல்ல எடுத்து வுடு."

திட்டவில்லை. பாடம் நடத்தினேன், பழக்கதோஷம். அந்த டியூபுக்குள் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. தோலில் இருக்கிற துளி ஈரம் பட்டால் போதும், ஒன்று பக்கத்திலிருப்பதைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் கைகோத்துக் கெட்டியாகிவிடும். அவர் கையோ அப்போதுதான் கழுவிய கை. ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

"உன் நகப்பாலீஷ் எடுக்கற தண்ணி இருக்குமே, அத ஊத்து" என்றார் அப்பா. இத்தனை வருடம் என்னோடு இருந்ததில் அவருக்கும் கொஞ்சம் வேதியியல் தெரிந்திருந்தது.

அங்கேதான் சிக்கல். அந்தப் பல் செட்டும் இதே மாதிரி சின்ன மூலக்கூறுகள் கைகோத்து உண்டானதுதான். பசைக்கும் பல்லுக்கும் ஒன்றுவிட்ட சகோதர முறை. அந்தத் தண்ணீரில் இருக்கும் அசிட்டோன் பசையைக் கரைக்கும்போது பல் செட்டின் அக்ரிலிக்கையும் சும்மா விடாது, வெளுத்து இளகச் செய்துவிடும். விரல் வேண்டுமா, பல் வேண்டுமா என்று கேட்டேன்.

"பல்லக் காப்பாத்து" என்றார் யோசிக்காமல். "அவங்களுக்கு அத்தனையும் சொந்தப் பல்லு, பாத்திருக்க இல்ல? முத்து முத்தா. அவங்க முன்னாடி நான் பொக்க வாயோட போய்க் கல்யாணம் கேக்கறதா? ஒட்டலன்னா இன்னைக்கு நான் வாயே தொறக்க மாட்டேன். அப்புறம் எனக்குத் தைரியமும் வராது."

வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புக் கரைத்து ஒரு பேசினில் கையை ஊறவைத்தேன். மெதுவாகத்தான் விடும், பொறுமை வேண்டும் என்றேன். அவர் கூடத்து நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மடியில் பேசினோடு உட்கார்ந்தார். நாலு மணிக்கு முன்பே அழைப்புமணி அடித்தது. நான் பேசின்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ஆன்ட்டி கையில் ஒரு பொட்டலம் நிப்பட்டு, நம் தட்டை மாதிரி கடக்கென்று கடிக்க வேண்டியது. "உங்கப்பா கடிச்சுத் தின்னுவேன்னு ரொம்பப் பெருமையா சொல்வாரு. அதான் நம்ம பேக்கரில வாங்கினேன்" என்று என்னிடம் கொடுத்தார். அப்பா உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"கைக்கு என்னாச்சு?"

அப்பா கண்ணாலேயே என்னைக் காட்டினார். எனக்கோ உண்மையும் சொல்ல வரவில்லை, பொய்யும் சொல்ல வரவில்லை. "பசை ஒட்டிக்கிச்சு ஆன்ட்டி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அப்பா வாயைத் திறக்காததால் கூடமே கப்சிப்பென்று இருந்தது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நான் பாலிமரை ஆரம்பித்தேன். டியூப், ஈரம், வராந்தாவில் பிள்ளைகள், கைகோப்பது, கைக்குட்டை, ஒன்றையும் விடவில்லை. கல்யாணம் பேச வந்த இடத்தில் இப்படி ஒரு மகள் வாய்க்கக் கூடாது.

ஆன்ட்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம், "அப்போ யாராச்சும் மொதல்ல போய்த் தொடலன்னா?" என்றார்.

"சும்மா அப்படியே கெடக்கும் ஆன்ட்டி. மூடியத் தொறக்காத வரைக்கும் ஒண்ணும் நடக்காது."

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நான் ரெண்டு பஸ் மாறி வந்து உங்ககூட ஏரியச் சுத்தறேன். இன்னைக்கு ஏதோ கேக்கப் போறீங்கன்னு தெரிஞ்சுதான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்தேன். இப்படி வாய மூடிக்கிட்டு ஒக்காந்தா நான் என்ன பண்றது?"

அப்பா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் துண்டை விலக்கிக் கையைத் தூக்கிக் காட்டினார். சோப்பு நுரை சொட்டச் சொட்டக் கட்டைவிரலில் பல் செட்டு தொங்கியது. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டே, பொக்கை வாயால், ஒவ்வொரு சொல்லும் காற்றாய்க் குழைய, "எங்கூட இருந்துடறீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். காது இரண்டும் சிவந்திருந்தன.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தார். புடவைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பினார். டப்பாவுக்குள் ஏதோ விழும் சத்தம் கேட்டது, மூடியை அழுத்தி மூடினார். திரும்பியபோது அவர் கன்னங்கள் உள்ளே போயிருந்தன, அந்த முத்துப் பற்களில் ஒன்றுகூட இல்லை.

"இருக்கறேன்" என்றார், அப்பாவைப் போலவே காற்றாய்க் குழைந்த குரலில்.

அப்பா வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்னைக் கேட்டால் சந்தோஷம்தான். கொஞ்சம் அம்மாவும் அதில் இருந்தாள்.

காபியோடு வந்தபோது ஆன்ட்டி நாற்காலியை அப்பாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார். நிப்பட்டை ஆளுக்கொன்றாகக் காபியில் ஊறவைத்துச் சாப்பிட்டார்கள். அப்பா டம்ளரைப் பிடித்திருந்தது வலது கையில். விரல் எப்போது விடுபட்டது என்று அவருக்கே தெரியவில்லை. தரையில் வைத்திருந்த பேசினுக்குள் எட்டிப் பார்த்தேன். பல் செட்டு மறுபடியும் அதே இடத்தில் இரண்டாகப் பிரிந்து சோப்புத் தண்ணீரில் கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இன்னொரு நிப்பட்டு வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.