ஞாயிற்றுக்கிழமைச் சட்டி

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்த அக்கா ஒருநாளும் வாய் திறந்து சோறு கேட்டதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வருவார். கொல்லைக் குழாயடியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து அங்கிருந்தே குரல் கொடுப்பார். "சட்டி பானையெல்லாம் காலி பண்ணிக் குடுங்க பாப்பா, தேச்சிடறேன்."

அவ்வளவுதான். குண்டானில் மிஞ்சிய சோறு, குழம்பு, கூட்டு எதுவானாலும் அக்காவின் தூக்குவாளியில் போட்டுவிட்டுப் பாத்திரத்தை நீட்டுவேன். கொடுத்தேன் என்று நானும் சொன்னதில்லை, வாங்கினேன் என்று அவரும் சொன்னதில்லை. பாத்திரம் காலியாக வேண்டும், அவர் தேய்க்க வேண்டும், வேறு பேச்சே கிடையாது.

நான் கல்யாணமாகிப் பெரம்பலூர் வந்த மறுமாதத்திலிருந்தே இந்த ஏற்பாடு. உலை வைக்கும்போதே ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டுவிடுவேன். அக்காவின் வீட்டுக்காரர் பருத்தி மண்டியில் மூட்டை தூக்கியவர். லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, அன்றிலிருந்து கட்டிலோடு கிடந்தார். சாயங்காலம் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும். தூக்குவாளியில் போவதுதான் அவர்களுக்கு ராத்திரிச் சோறு.

எங்கள் ஊர் தனி மாவட்டமாகி நாலைந்து வருடம் ஆகியிருந்தபோது, ஒரு தீபாவளிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் திருச்சியிலிருந்து பிரிட்ஜ் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை அவருக்கு. பொருள் வீணாவதைப் பார்த்தால் பொறுக்கமாட்டார். சமையல்கட்டில் இடமில்லாததால் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ஸ்டெபிலைசரைப் போட்டோம். தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டம்மா உள்ளே கையை விட்டுப் பார்த்து, மார்கழி மாசத்தைப் பிடித்துப் பூட்டி வைத்துவிட்டீர்களே என்றார். மூலைக்கடைக்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார். வெள்ளிக்கிழமை வைத்த ரசத்துக்கு இனி மறு வெள்ளிக்கிழமை எட்டாம் துக்கம் கும்பிடலாம் என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் கொல்லை வாசலில் நின்று சிரித்தார்.

"இனிமே ஒரு பருக்கை வீணாப் போவாது" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வாங்கி வைத்ததோடு சரி. உள்ளே எதை வைப்பது, எதை வைக்கக்கூடாது என்பதெல்லாம் என் தலையில் விடிந்தது.

பால், தயிர், இட்லி மாவு, தக்காளி, கொத்தமல்லி இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. சின்ன வெங்காயம் வைக்கலாமா என்று எதிர்வீட்டம்மாவைக் கேட்டேன். அவர்களுக்கு வயல் உண்டு. வெங்காயத்துக்குக் காற்றுதான் வேண்டும், குளிர் ஆகாது, முளைத்துக்கொண்டு நிற்கும் என்று சொல்லிவிட்டார். முட்டைக்குத் தனித்தனியாகக் குழி வைத்திருந்தார்கள், அதைப் பார்க்கவே ஆசையாக இருந்தது.

சமைத்ததில்தான் வந்தது வினை. முதல் நாள் மிஞ்சிய சாம்பாரை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றினேன், சோற்றை இன்னொன்றில் அழுத்தினேன், அவரைக்காய்ப் பொரியலைக் கிண்ணத்தோடு வைத்துத் தட்டால் மூடினேன். மூன்றும் பிரிட்ஜ் தட்டில் வரிசையாக நின்ற அழகைக் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். நாலு மணிக்குக் குழாயடியிலிருந்து வழக்கமான குரல் வந்தது. சட்டி பானையைக் காலி பண்ணிக் குடுங்க பாப்பா.

"காலியாத்தான்க்கா இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போய் வைத்தேன்.

அக்கா குண்டானுக்குள் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த தூக்குவாளியின் மூடியை, ஏற்கெனவே திறந்து வைத்திருந்ததை, எடுத்து மூடினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் அது என்னவென்று புத்திக்கு எட்ட நாலு நாள் ஆனது. நாலாம் நாள் தேய்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல அக்கா சொன்னார். "இப்பல்லாம் பாத்திரம் தேய்க்கறது லேசாப் போச்சு. பிசுக்கே இல்ல."

அன்றைக்குத்தான் சுருக்கென்றது. வீணாகிறது வீணாகிறது என்று இத்தனை நாள் நாங்கள் பேசிக்கொண்டோமே, இந்த வீட்டில் எது வீணாகியிருக்கிறது?

அதிலிருந்து என் நிலை ஓரிடத்தில் நிற்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கையில் கரண்டியோடு கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடப்பேன். குழம்பை டப்பாவில் ஊற்றி உள்ளே வைப்பேன், மூன்றரை மணிக்கு வெளியே எடுப்பேன், பாதியைத் திரும்பச் சட்டியில் ஊற்றுவேன். சில்லென்று இருக்கிறதே, பிரிட்ஜில் வைத்துவிட்டுக் கொடுக்கிறாள் என்று நினைப்பாரே என்று சட்டியை அடுப்பில் வைத்துச் சுட வைப்பேன். சோறு மட்டும் பிரிட்ஜுக்குள் போகாது என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். அது இரண்டு வாரம் நின்றது. பிரிட்ஜில் வைத்த சோறு உதிரியாக இருப்பதைக் கண்டுபிடித்த என் வீட்டுக்காரர் காலையில் எலுமிச்சை சாதம் கேட்க ஆரம்பித்தார். கூட வடித்தால் என்ன என்பீர்கள். வடித்தேன். கூட வடித்ததும் டப்பாவுக்குள்ளேயே போனது. அந்தப் பெட்டியின் வயிறு அப்படி. இடம் இருக்கிறதே என்று கை தானாக வைத்துவிடும்.

ஒருநாள் தூக்குவாளி நிறையும், இரண்டு நாள் காலியாகப் போகும். அக்கா கேட்கும் வார்த்தை மட்டும் மாறவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அப்பா வந்தார். எங்கள் பிறந்த வீடு திருமழபாடிப் பக்கம். கொள்ளிடத்துக் கெண்டையைப் பையில் போட்டுக்கொண்டு அரியலூர் வந்து பஸ் மாறி, மீன் வாடையோடு வந்து இறங்கினார். பெரிய மண்சட்டி நிறையக் குழம்பு வைத்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். பாதிச் சட்டி மிச்சம். மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பது என் வீட்டுக்காரர் கட்சி. இரண்டு டப்பாவில் ஊற்றி உள்ளே வைத்துவிட்டுச் சட்டியைக் குழாயடியில் கொண்டுபோய் வைத்தேன்.

அக்கா சட்டியை முகர்ந்து பார்த்தார். "ஆத்து மீனு. ஒங்கப்பா வந்தாங்களா?"

ஆமாம் என்றேன். நல்லாயிருக்காங்களா என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து பிரிட்ஜ் கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கொல்லையில் தேங்காய் நார் சட்டியைத் தேய்க்கும் சத்தம் நின்றபோது கதவை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

திங்கள் ஒரு டப்பா தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி புழங்குவதில்லை. புதன்கிழமை பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, சாயங்காலம் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் மீன் போதும் என்று கையைக் காட்டிவிட்டார். வியாழக்கிழமை அந்த ஒரு டப்பா அப்படியே இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. பிரிட்ஜுக்குப் பொட்டு வைக்கிற நாள். சாமிக்கு வாங்கிய பூவும் பாலும் உள்ளே இருக்கிற பெட்டியில் மீனும் இருக்கலாமா? விடிவதற்குள் மீன் வெளியே போயாக வேண்டும்.

நாலு மணிக்கு நானே முந்திக்கொண்டேன். மீன்குழம்பு இருக்குக்கா என்று தூக்குவாளியை வாங்கி ஊற்றினேன். அன்றைக்கென்று சுட வைக்கவும் மறந்தேன். அக்கா வாளியின் அடியைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்கு. எப்ப வச்சது பாப்பா?"

"நேத்துதான்க்கா."

அக்கா ஒரு தட்டைத் தேய்த்துக் கவிழ்த்தார். இன்னொரு தட்டை எடுத்தார். "ஞாயித்துக்கெழம அந்தச் சட்டியத் தேச்சது நான்தான் பாப்பா" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் எது எந்த நாள் அடுப்பேறியது என்று என்னைவிட அவருக்குத்தானே தெரியும். ஒவ்வொரு சட்டியும் அவர் கை பட்டுத்தானே அடுத்த குழம்புக்கு வருகிறது. இத்தனை நாளாக நான் அடுப்பில் சுட வைத்து ஆடிய நாடகமும் அவருக்குத் தெரிந்திருக்கும். வேலையை முடித்துத் தூக்குவாளியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை.

கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேறு பயம் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை கரண்ட் இல்லாமல் கிடந்த மீன். படுக்கையில் கிடக்கிற மனுஷர். அதைச் சாப்பிட்டு அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? பிரிட்ஜைத் திறந்து அந்த டப்பா இருந்த இடத்தை முகர்ந்து பார்த்தேன். சாமி பூவின் மணம்தான் வந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நமக்கு வேண்டாம் என்று வைத்ததை அவங்களுக்கு எதுக்குக் கொடுத்தே என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். கேட்டவர் யார் என்றுதான் எனக்கு எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமையும் வரவில்லை. என் பாத்திரங்களை நானே தேய்த்தேன். மூன்று மணிக்கு மேல் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவின் வீடு இருந்த துறைமங்கலத்துப் பக்கம் நடந்தேன். வழியில் பழம் வாங்கலாமா என்று ஒரு கடையில் நின்றேன். வாங்கினால் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவதுபோல ஆகிவிடும் என்று வாங்காமல் நடந்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் கட்டிலில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வா பாப்பா, அவ பருத்தி எடுக்கப் போயிருக்கா என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லையே, மீன் ஒத்துக்கிச்சா என்று இழுத்தேன்.

"எங்க மீனு? வாய்க்கால்ல கொட்டிட்டா. ஒரு துண்டாவது குடுடின்னு கெஞ்சினேன். மனசு எறங்கல அவளுக்கு." பீடியை அணைத்தார். "ஆனா ஒண்ணு. ரெண்டு நாளா ராச்சோறு சுடச் சுடத் திங்கிறேன்."

பின்னாலேயே அக்கா வந்துவிட்டார். சேலையெல்லாம் பருத்திப் பிசிறு. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஒரு தடுக்கைப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நேத்துன்னு பொய் சொல்லிட்டேன்க்கா என்றேன், நின்றபடியே. அவர் அடுப்பில் சுள்ளியை முறித்து வைத்துக்கொண்டே சொன்னதை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்.

"பொய்யி கெடக்குது. பழசு நாங்க திங்காததா? மிச்சம்னா வாங்கிக்குவேன் பாப்பா. அன்னன்னிக்கு உள்ளது அன்னன்னிக்கு மிஞ்சினா அது மிச்சம். நீங்க எடுத்து வச்சுப் பாத்து, வேணாம்னு கழிச்சதுக்கு என்ன பேரு?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

இன்னும் ஒரு நாள் பருத்திக் கூலி இருக்கிறது, திங்கட்கிழமை வருகிறேன் என்றார். திங்கட்கிழமை சொன்னபடி வந்தார். கையில் தூக்குவாளி இல்லை. ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் அரிசியாகக் கொடுங்கள், நான் பொங்கிக்கொள்கிறேன், எப்போது பொங்கியது என்று எனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டார். ஆழாக்கு அரிசி அப்படியே பொட்டலமாகப் போனது. நாலு மணிக் குரலும் நின்றுபோனது. வருவார், கிடப்பதைத் தேய்ப்பார், போவார்.

ஒன்று மட்டும் கூடியது. பிரிட்ஜ் டப்பாக்கள் தேய்க்க வரும்போது மூடியைத் திறந்து ஒருதரம் முகர்வார். "இது போன புதங்கெழமக் கத்திரிக்கா." இன்னொன்றைத் திறப்பார். "வாத்தியார் வூட்டுல நாலு நாளா ஒரே சாம்பார்தானா?" கிளார்க் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு என் வீட்டுக்காரர் வாத்தியார்தான். சிரிப்பேன். சிரித்துவிட்டு உள்ளே போய் இருக்கிற டப்பாவையெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். மத்தியானம் கரண்டியோடு நடப்பது மட்டும் நிற்கவேயில்லை. இப்போது அக்காவுக்கு எது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு டப்பாவையும் மூடும்போது, இதை எத்தனாம் நாள் எந்த மூக்கு மோக்கப்போகிறது என்று கை தயங்கும்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். அக்கா மறுபடி தூக்குவாளியோடு வந்தார். எனக்கு மனசு குதித்தது. கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று உள்ளே ஓடப் பார்த்தேன். அவர் வாளியை என்னிடம் நீட்டினார். கனமாக இருந்தது, அடி சுட்டது.

"மொச்சக்கொட்டக் கொழம்பு. காட்டு மொச்ச. இப்ப எறக்குனது, தொட்டுப் பாருங்க." குழாயடிக்குப் போகிறவர் திரும்பி, "அந்தப் பொட்டியில வச்சிராதீங்க" என்றார்.

வைக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் ஏழு மணிக்குத்தான் வருவார். அவருக்குக் கொஞ்சம் வைக்க வேண்டுமே. மேடையில் தட்டால் மூடி வைத்தேன், எறும்பு வருமென்று தண்ணீர்த் தட்டில் வைத்தேன், ஆறு மணிக்கு ஒரு கொதி விட்டேன். அந்த மூன்று மணி நேரம் நான் உட்காரவில்லை. அவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றவிடாமல் இலையைப் போட்டேன். நன்றாக இருக்கிறது, நாளைக்கும் இருக்குமா என்று கேட்டார். இருக்காது என்றேன்.

மறுநாள் தூக்குவாளியைக் கழுவித் துடைத்து வைத்தேன். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க எங்கள் பக்கத்தில் மனசு வராது. என்ன வைப்பது என்று பிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றேன். நேற்றைய ரசம் இருந்தது, முந்தாநாள் கூட்டு இருந்தது. தக்காளியைத் தொட்டேன், முட்டையைத் தொட்டேன். எதைத் தொட்டாலும் சில்லென்றிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். மணி மூன்றடித்திருந்தது.