பிரித்துப் பார்த்த பெட்டிகள்

ராஜபாளையத்தில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. ஓட்டலில் இட்லி வாங்கினால் பொட்டலத்தை அங்கேயே பிரித்து எண்ணுவேன். "உங்கள நம்பாம இல்ல" என்று சொல்லிக்கொண்டே எண்ணுவேன். அப்படிப்பட்டவன் சீனாவிலிருந்து வெல்டிங் கம்பி இறக்குமதி செய்தால் எப்படி இருக்கும்?

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்கு வந்து இறங்கிய அன்று, வழக்கப்படி முதல் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தோம். மற்றதெல்லாம் விற்றுத் தீரும்வரை அந்தப் பெட்டியை யாரும் தொட மாட்டோம். மற்ற பெட்டிகளை நான் விடவில்லை. கம்பியின் மேல் பூசியிருப்பது செம்புதானா, வெறும் சாயமா? பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்து, ஒவ்வொரு சுருளையும் விரலால் தேய்த்துப் பார்த்தேன். உள்ளே ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் கிடந்தது. இதையும் கம்பியோடு சேர்த்து எடை போட்டிருப்பார்கள் என்று எடுத்து வீசிவிட்டுச் சுருளைத் தராசில் வைத்தேன். எடை சரியாக இருந்தது. அதுதான் எனக்குக் கூடுதல் சந்தேகத்தைக் கொடுத்தது.

சாரல் காலம். கிழிந்த உறைகளோடு பெட்டிகள் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் கிடந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் வெகுகாலமாகக் கம்பி வாங்குகிற வெல்டர் ஒருவர் இருக்கிறார். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி நிறுத்தும் இரும்புத் தாங்கி செய்யும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. பெரிய வேலை; அதற்கு இந்தச் சீனக் கம்பியைத்தான் வாங்கிப் போயிருந்தார். பாதியில் போன் செய்து வரச் சொன்னார்.

"அண்ணாச்சி, கம்பி சரியில்ல. பத்தவச்ச இடமெல்லாம் ஊசி ஓட்டையா விழுது. பிள்ளைக நடமாடுற இடம், எப்படி நிறுத்த?"

"கம்பி புதுசுவே. உம்ம கைதான் நடுங்குதோ என்னவோ!"

அவருடைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. பள்ளிக்கூடத்து இன்ஜினியர் என்னிடம் விசாரித்தபோதும், கம்பியில் குறையில்லை, ஆளைப் பாருங்கள் என்றுதான் சொன்னேன்.

அன்று சாயங்காலமே கம்பி அனுப்பிய சீனக் கம்பெனிக்குப் போன் போட்டு, மட்டமான கம்பியை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கத்தினேன். இங்கே கை மோசம், அங்கே கம்பி மோசம். இரண்டையும் சொன்னது இந்த ஒரே வாய்தான்.

அந்தக் கம்பெனியில் பேசிய பெண் குரலை உயர்த்தவில்லை. பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்து வீடியோவில் பற்றவைத்துக் காட்டுங்கள், ஓட்டை விழுந்தால் மொத்தச் சரக்கையும் மாற்றித் தருகிறோம் என்றார். இதில் என்ன சூது இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிரிக்காத பெட்டி என்று தேடினால், பொட்டு வைத்த அந்த ஒன்றுதான் மிச்சம்.

அதைப் பைக்கில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போனேன். சீனாக்காரர்களின் குட்டு உடையப்போகிறது என்று உள்ளுக்குள் சந்தோஷம். வெல்டர் உறையைக் கிழித்தார். சுருள் பளபளத்தது. இரண்டு இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துப் போனுக்கு நேரே காட்டினார். ஒரு ஓட்டைகூட இல்லை.

மற்ற பெட்டிகளை எப்போது பிரித்தீர்கள் என்று மட்டும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் கேட்டார். வெல்டர் நான் முன்பு கொடுத்த சுருளில் கட்டைவிரலை ஓட்டி என்னிடம் நீட்டினார். விரலில் துரு.

"சாரல் நேரத்துல அம்புட்டையுமா பிரிச்சுப் போட்டிய? ஈரம் ஏறித் துருப்பிடிச்ச கம்பில ஓட்டைதான விழும்."

அங்கேயே நின்று இன்ஜினியரைப் போனில் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, வெல்டர் கையில் குறையில்லை என்றேன். வேலையை முந்தின நாளே சேத்தூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். வெல்டரிடம் அதைச் சொன்னேன். அவர் மிஷினை அணைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இன்றும் அவர் என்னிடம்தான் கம்பி வாங்குகிறார். ஆனால் பெட்டியைக் கொடுத்ததும் ஆறு பக்கமும் திருப்பி, ஒட்டிய இடத்தையெல்லாம் நகத்தால் நெருடிப் பார்க்கிறார். முடிகிறவரை நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

"உங்கள நம்பாம இல்ல அண்ணாச்சி" என்பார்.