சத்துணவு அக்கா கேட்ட கேள்வி

முப்பத்திரண்டு வயதில் எனக்குத் தூக்கம் போனது. பசியும் போனது. காவலூர்ப் பக்கம் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான். பிள்ளைகள் முன்னால் ஆடுவேன், பாடுவேன். மணியடித்ததும் நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்துவிடுவேன். நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்ற நினைப்பு தினமும் வந்தது.

கண்டுபிடித்தது எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா. ஒரு மத்தியானம் என் தட்டைப் பார்த்தார். சோறு வைத்தது வைத்தபடியே இருந்தது.

"இன்னா டீச்சர், செத்துடலாம்னு தோணுதா?"

உப்பு போதுமா என்று கேட்கிற குரல். "ஆமாங்க்கா" என்று சொல்லி அழுதுவிட்டேன். திட்டுவார், கோயிலுக்குப் போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"சரி, தனியா இருக்காதீங்க. நாளைக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவலாம். நானும் வர்றேன்."

சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்து என் கணவரிடமும் சொன்னார். விடியும்வரை கணவர் என்னை விட்டு நகரவில்லை.

மறுநாள் பஸ்ஸில்தான் கூத்து. மலைப்பாதை வளைவுகளில் அக்காவுக்கு ஒரே வாந்தி. வைத்தியத்துக்குப் போகிற நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, மோந்து பார்க்க எலுமிச்சம்பழம் நீட்டியபடி போனேன்.

"யாரு யாரைக் கூட்டினு போறோம்னே தெரியலியே டீச்சர்!"

மாதக்கணக்கில் அன்றுதான் சிரித்தேன்.

மனநல டாக்டர் ஒரு சின்னப் பெண். சிறுவயதில் வீட்டில் அடிப்பார்களா என்று கேட்டார்.

"எல்லார் வூட்லயும் அடிப்பாங்க இல்லீங்களா?"

"உங்க வீட்ல என்ன நடந்துச்சுங்க?"

அப்பா குடித்துவிட்டு வந்தால் என்னைத் தானிய அறையில் போட்டுப் பூட்டுவார். அப்போது எனக்கு ஏழு வயது. வெளியே அம்மா அடிவாங்கும் சத்தம் கேட்கும், அது நின்றால் இன்னும் பயமாக இருக்கும். இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது டாக்டரின் டீ ஆறிப்போயிருந்தது.

"இது நோய்ங்க. மாத்திரையும் வேணும், பேச்சும் வேணும்" என்றார்.

மூன்று வருடமாகிறது. மாத்திரையின் அளவு குறைந்திருக்கிறது. செத்துப்போன அப்பாவை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தால்தான் குணமாகும் என்று டாக்டரும் சொல்லவில்லை. மோசமான நாட்கள் இன்னும் வருகின்றன. மறைக்காமல் கணவரிடம் சொல்லிவிடுகிறேன், டாக்டரையும் சீக்கிரமே போய்ப் பார்க்கிறேன். போன மாதம் அப்படி ஒரு நாள். நானும் கணவரும் வண்டியில் மலையடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறங்கி, கடைத்தெருவை வெறுமனே சுற்றிவிட்டு, ஒரு பை நிலக்கடலையோடு மலையேறினோம்.