ஆறவைக்கச் சொல்லாத பொடி

காளவாசலில் மீன் தீவனக் கடை வைத்திருக்கும் கண்ணுச்சாமிக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும், பசி தெரியாது. இரண்டு வருடம் முன்பு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். அங்கே தொட்டிகளில், கடலடியில் ஊரும் கடல் அட்டையை வளர்த்தார்கள். தீவனத்தில் ஈஸ்ட் சேர்த்தால் அட்டை சீக்கிரம் பருக்கிறதா, நோயைத் தாங்குகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து கடைக்கு வருகிற யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை.

சுந்தரம்மாளும் தப்பவில்லை. காலமெல்லாம் ஊரார் வயலில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாக நிலம் வாங்கியவர் அவர். செக்கானூரணிப் பக்கம் அந்த அரை ஏக்கரில் குட்டை வெட்டி, கட்லா, ரோகு மீன்களை விட்டிருந்தார். மழைக்காலத்துக்கு முன் மீனுக்குத் தெம்பேற்ற, ஈஸ்ட்டும் நல்ல கிருமிகளும் கலந்த பொடி வாங்க வந்தார்.

"எப்படிண்ணே குடுக்கணும்?"

"தீவனத்துல கலந்து போடு தங்கச்சி. கடல் அட்டை பாத்திருக்கியா? காலு கெடையாது, கண்ணு கெடையாது. இதத் தின்னுட்டு எம்புட்டுக் கொழுத்துக் கெடக்குங்கிற!"

சுந்தரம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மார்கழியில் சுந்தரம்மாளிடமிருந்து போன் வந்தது. மீன் உடம்பெல்லாம் சிவப்புப் புண். கண்ணுச்சாமி போய்ப் பார்த்தபோது கரையோரம் செத்த மீன்கள் ஒதுங்கிக் கிடந்தன. பக்கத்தில் அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சிப் பழகிய சுந்தரம்மாள், மீனுக்கும் தவிட்டையும் புண்ணாக்கையும் வேகவைத்தே போட்டுவந்திருக்கிறார். மிஞ்சிய மீனுக்காக, சிந்தாமல் அளந்து, பொடியை அந்தக் கொதியில் கொட்டினார்.

கண்ணுச்சாமிக்கு அப்போதுதான் புரிந்தது. பொடியில் இருப்பவை உயிருள்ள கிருமிகள். கொதியில் விழுந்தால் மிஞ்சுவது வெறும் மாவு. தீவனத்தை ஆறவைத்துத்தான் கலக்க வேண்டும் என்று பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள். அட்டைக் கதையை அத்தனை பேசியவர் இதைச் சொல்லவில்லை.

"ஒருநா தவறாமக் கலந்தேண்ணே. நமக்கெல்லாம் நெலம் ஒட்டாது போல. எங்கையி ராசியில்லாத கையி."

இல்லை தங்கச்சி, தப்பு என்னுது என்று சொல்லியிருக்க வேண்டும். கடைப் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தார். பொடி சரியாகப் போயிருந்தாலும் நோய் நின்றிருக்குமா, யார் கண்டது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"இந்த வருசம் குளிரு சாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்தப் பொய் அவரை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. இரண்டு தடவை பாதி வழி வரை போய்த் திரும்பினார். பங்குனியில்தான் துணிந்து போனார். ராசியில்லை என்று சுந்தரம்மாள் மண்ணடித்து மூடியதில், குட்டை இருந்த இடம் மேடாகிக் கிடந்தது. மண்ணில் டிராக்டர் தடம் இன்னும் காயவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

சுந்தரம்மாள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"போன வாரம் வரைக்கும் குட்ட இருந்துச்சேண்ணே?"