அப்பாவுக்குத் தெரியாத டர்போ

என் அப்பாவை வண்டி ஓட்டத் தெரியாதவர் ஆக்கியது என் தாய்மாமன்தான்.

எழுபதுகளில் குமுளியில் அப்பாவிடம் ஒரு பழைய டீசல் லாரி இருந்தது. கம்பத்திலிருந்து காய்கறி ஏற்றி மலைக்குக் கொண்டுவருவார். மாமாவுக்குக் கம்பத்தில் லாரிப் பட்டறை. அணைக்கட்டு வேலையில் கழித்துப் போட்ட மண்வாரி எந்திரத்திலிருந்து ஒரு டர்போவை வாங்கி வைத்திருந்தார். புகை போகிற வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சாமான். பார்க்க நத்தை போல இருக்கும். அதை லாரியில் மாட்டலாம் என்றார். அப்பா எல்லோர் முன்னாலும் சிரித்தார். "மாப்ள, மொதல்ல பிரேக்கப் பாரு" என்றார். மாமாவின் முகம் செத்துப்போனது.

அடுத்த முறை வண்டி பிரேக் வேலைக்கு மூன்று நாள் பட்டறையில் நின்றது. பள்ளி விடுமுறை என்பதால் நானும் மாமா வீட்டில் இருந்தேன். எனக்கு எட்டு வயது. மாமா யாரிடமும் கேட்காமல் டர்போவை மாட்டிவிட்டு, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினார். கியர் மாற்றி மிதித்தார். வண்டி சும்மா போனது. "எண்ணு புள்ள" என்றார். மூன்று எண்ணியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோலப் பாய்ந்தது. பெரிய எந்திரத்துச் சாமான், சின்ன எஞ்சினில் சுற்றி எழ அவ்வளவு நேரம் பிடித்தது. முன்கூட்டியே கியரைக் குறைத்து, அளவாக மிதித்துக் காத்திருக்க வேண்டும் என்றார்.

"உங்கப்பாகிட்ட மூச்சு விடாத. வண்டி எப்பிட்றா இப்பிடி இழுக்குதுன்னு அவரே வந்து கேக்கட்டும்."

நான் மூச்சு விடவில்லை. என்னை நம்பிவிட்டார் என்று அவ்வளவு பெருமை.

வேலை முடிந்து, அப்பாவும் நானும் கிளீனர் அண்ணனும் வண்டியில் குமுளிக்குக் கிளம்பினோம். விசில் போலச் சத்தம் வந்தது. புது பெல்ட் அப்படித்தான் கத்தும் என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார். எஞ்சினையும் சேர்த்துப் பார்த்திருக்கிறான் என்று அப்பா மெச்சிக்கொண்டார்.

கொண்டை ஊசி வளைவில், எப்போதும்போலக் கடைசி நேரத்தில் கியரைக் குறைத்து மிதித்தார். இழுக்கவில்லை. "என்ன எழவு இது" என்று முழுசாக மிதித்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். மூன்றில் பாய்ந்தது. ஸ்டியரிங்கை ஒடித்து முடிப்பதற்குள் ஓரத்துச் சுவரை உடைத்து மரத்தில் மோதி நின்றது. கிளீனர் அண்ணனின் கால் நசுங்கியது.

வண்டியை இழுத்துப்போக வந்தவரும் மாமாதான். அன்றைக்கே டர்போவைக் கழற்றிவிட்டார். அப்பா குடித்திருந்தார் என்று லாரி ஸ்டாண்டில் பேசினார்கள். மாமா மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்தேன்.

அப்பா மறுபடி வண்டி ஓட்டவில்லை. ஏலக்காய்க் கடையில் மூட்டை தைத்தார். சில சாயங்காலங்களில் வலது காலை நீட்டி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வலி என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிடுவேன். தன் கால்தான் தப்புச் செய்தது என்று அவர் நம்பிவிட்டார். அது எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவர் இல்லை.

போன மாதம் லாரிக்காரர்கள் மேடை போட்டு மாமாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். இந்தப் பக்கத்தில் முதன்முதலில் லாரிக்கு டர்போ மாட்டியவன் நான்தான் என்று மைக்கில் சொன்னாராம். என் பங்கை நான் எழுதிவிட்டேன். மாமா, அதே மேடையில் ஏறிச் சொல்லுங்கள். அது யாருடைய லாரி? ஓட்டினவரிடம் ஏன் சொல்லவில்லை?